பிரசவத்துக்குப் பின் தாய்க்குத் தரும் மனநல சிகிச்சை: பலன் எத்தனை வருஷம் நிற்கிறது?

தாழ்வாரம் எழுதியது:

பக்கத்து இழையில் ஒருவர், "பிரசவ மனச்சோர்வுக்கு ஆரம்பத்திலேயே வைத்தியம் பார்த்துவிட்டால் பிள்ளையின் அறிவு, குணம், படிப்பு எல்லாம் வாழ்நாள் முழுக்க நன்றாக இருக்கும், ஆராய்ச்சியில் நிரூபித்துவிட்டார்கள்" என்று எழுதியிருந்தார். எந்த ஆராய்ச்சி என்று நாலு பேர் கேட்டும் பதில் இல்லை. விஷயம் அவ்வளவு நேர்கோடாக இல்லை. அதனால்தான் தனி இழை.

இதில் முக்கியமான சோதனை நடந்தது லண்டனிலோ நியூயார்க்கிலோ இல்லை, பாகிஸ்தானில் ராவல்பிண்டி மாவட்டத்துக் கிராமங்களில். அதிஃப் ரஹ்மான் என்ற மனநல மருத்துவரின் குழு நடத்தியது. 2008-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. நிறைமாதத்தை நெருங்கும் கர்ப்பிணிகளில் மனச்சோர்வு உறுதியான 903 பேரை எடுத்துக்கொண்டார்கள். 463 பேருக்குச் சிகிச்சை, 440 பேர் ஒப்பீட்டுக் குழு. சிகிச்சை தந்தவர்கள் டாக்டர்கள் இல்லை. 'லேடி ஹெல்த் வொர்க்கர்' என்று அந்த ஊரில் சொல்கிற, வீடு வீடாகப் போகும் சுகாதாரப் பணியாளர்கள். நம் ஊர் ஆஷா பணியாளர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசி மாதத்தில் வாரம் ஒன்றாக 4 தடவை, பிறந்த முதல் மாதத்தில் 3 தடவை, பிறகு மாதம் ஒன்றாக 9 தடவை, மொத்தம் 16 சந்திப்பு. ஒப்பீட்டுக் குழுவுக்கும் அதே எண்ணிக்கையில் ஆள் போனார்கள், ஆனால் இந்தப் பயிற்சி இல்லாதவர்கள். அதனால் "யாராவது வந்து பேசினாலே சரியாகிவிடும்" என்று தள்ளிவிட முடியாது.

ஆறு மாதத்தில் சிகிச்சைக் குழுவில் 23 சதவீதம் பேர் இன்னும் மனச்சோர்வில் இருந்தார்கள். மறுபக்கம் 53 சதவீதம். ஒரு வருஷத்தில் 27, 59. இந்த அளவு வித்தியாசம் மனநல ஆய்வுகளில் அபூர்வம். குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு குறைந்தது, தடுப்பூசி கூடியது. எடையிலும் உயரத்திலும் மட்டும் வித்தியாசம் இல்லை.

பிள்ளைகளுக்கு 7 வயது ஆனபோது திரும்பப் போய் 584 தாய்-பிள்ளை ஜோடிகளைப் பார்த்தார்கள். 2015-இல் முடிவு வந்தது. அறிவு வளர்ச்சி, நடத்தை, உடல் வளர்ச்சி எதிலுமே இரண்டு குழுவுக்கும் வேறுபாடு இல்லை.

இதை எப்படிப் புரிந்துகொள்வது? சிகிச்சை தோற்றுவிட்டது என்றா?

---

கணக்குப்புலி எழுதியது:

தோற்றுவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் "வாழ்நாள் பலன்" என்று நோட்டீஸ் அடிப்பவர்கள் வாயை மூடிக்கொள்ள வேண்டும்.

கேம்பிரிட்ஜ் சோதனையும் இதே கதைதான். லின் மர்ரே, பீட்டர் கூப்பர் குழு, 2003. 193 பெண்கள், நாலு குழு: வழக்கமான கவனிப்பு, ஆலோசனைப் பேச்சு, சிபிடி (நினைக்கும் விதத்தையும் நடந்துகொள்ளும் விதத்தையும் மாற்றப் பழக்கும் பேச்சு சிகிச்சை), உளவியக்க சிகிச்சை (மனதுக்குள் புதைந்த பழைய உணர்வுகளைப் பேசிப் பார்ப்பது). குழந்தைக்கு 8 வாரம் ஆனதிலிருந்து 18 வாரம் வரை வாராவாரம் வீட்டுக்கே போய்க் கொடுத்தார்கள். நாலரை மாதத்தில் மூன்று சிகிச்சையுமே அம்மாக்களின் மனநிலையைத் தூக்கிவிட்டன. ஒன்பதாம் மாதத்தில் அந்த முன்னிலை போய்விட்டது, சிகிச்சை இல்லாதவர்களும் எட்டிப் பிடித்துவிட்டார்கள். 5 வயதில் பிள்ளைகளிடம் ஒரு தடயமும் இல்லை.

காரணம் பெரிய மர்மம் இல்லை. பிரசவ மனச்சோர்வு பலருக்குச் சில மாதங்களில் தானாகவே இறங்கும். சிகிச்சை அந்த இறக்கத்தை வேகமாக்குகிறது. அதற்கப்புறம் 5 வருஷத்தில் பிள்ளைக்கு அப்பா, தாத்தா, பால்வாடி, தெரு, வறுமை, தம்பி தங்கை என்று ஆயிரம் வந்து சேர்கிறது. அந்த இரைச்சலுக்கு நடுவில் பத்து வாரப் பேச்சின் குரலைத் தேடுவது நடக்கிற காரியமா?

---

மருதாணி எழுதியது:

தாழ்வாரம் அண்ணா, கணக்குப்புலி அண்ணா, ரெண்டு பேருக்கும் ஒரு கேள்வி. ரெண்டு பதிவையும் ரெண்டு தடவை படிச்சேன். 53 சதவீதம் 23 சதவீதமாச்சுன்னு சொல்லிட்டு, அடுத்த பத்தியிலேயே "தோற்றுவிட்டதா"ன்னு கேக்குறீங்க. அந்த நூத்துக்கணக்கான பொம்பளைங்க ஒரு வருஷம் நல்லா இருந்தது பலன் கணக்குல வராதா?

எனக்கு மாசக்கணக்கா தூக்கம் இல்ல, சோறு இறங்கல, குழந்தை அழுதா கை நடுங்கும். அதுக்கு வைத்தியம் கிடைச்சிருந்தா, அப்புறம் என் பையன் கணக்குல எத்தனை மார்க் வாங்குறான்னு பார்த்துட்டுதான் அந்த வைத்தியம் நல்லதா கெட்டதான்னு சொல்வீங்களா? ஒருத்தருக்குக் கால் முறிஞ்சா கட்டுப் போடுறோம். அவர் புள்ள பத்து வருஷம் கழிச்சு எப்படி ஓடுதுன்னு யாரும் அளக்குறது இல்லையே.

---

வெள்ளைச்சீருடை எழுதியது:

கிராம சுகாதார செவிலியரா இருந்து ஓய்வு பெற்றவள் நான். மருதாணி கேக்குறது நியாயம்தான் கண்ணு. ஆனா வாசப்படியில என்ன நடக்கும்னு நான் சொல்றேன்.

பிள்ளை பெத்த வீட்டுக்குள்ள போய் "உங்க மருமகளுக்கு மனசு சரியில்ல, அவகூடப் பேச வந்திருக்கேன்"ன்னு சொன்னா கதை அங்கயே முடிஞ்சுது. "எங்க பொண்ணு பைத்தியமா?"ன்னு ஒரு சத்தம் வரும். அதுக்கப்புறம் அந்த வீட்டுல தடுப்பூசிக்குக்கூட மூஞ்சி குடுக்க மாட்டாங்க. "குழந்தை எடை பாக்கணும், பால் எப்படிக் குடிக்குதுன்னு பாக்கணும்"னு சொல்லுங்க, பாய் போட்டு உக்கார வைப்பாங்க. மாமியார் காப்பி போடப் போற கொஞ்ச நேரத்துல அந்தப் பொண்ணு கண்ணைப் பார்த்தாலே பாதி தெரிஞ்சிடும்.

பச்சை உடம்புக்காரி அழுதா "பால் கெட்டுடும், அழாத"ன்னுதான் சொல்வாங்க. ஏன் அழறான்னு கேக்க ஆள் இருக்காது.

எங்க வேலூர் பக்கம் கணியம்பாடி ஒன்றியத்துல சிஎம்சிகாரங்க எடுத்த ஆய்வு 2002-ல வந்துச்சு. பிரசவத்துக்கு அப்புறம் புதுசா மனச்சோர்வு வந்தவங்க 11 சதவீதம். காரணம்னு வந்தது என்ன தெரியுமா? குறைஞ்ச வருமானம், பையன் வேணும்னு இருந்து பொண்ணு பிறந்தது, மாமியாரோடயும் பெத்தவங்களோடயும் ஒத்துப் போகாதது, கர்ப்பத்துல வந்த கஷ்டங்கள், கைக்கு உதவ ஆள் இல்லாதது. எங்க நர்ஸுங்க எல்லாருக்கும் இது ஆய்வுக்கு முன்னாடியே தெரியும். ஆனா பேப்பர்ல வந்தாத்தானே டாக்டரம்மா நம்புவாங்க.

---

தாழ்வாரம் எழுதியது:

அம்மா, ராவல்பிண்டியிலும் அதைத்தான் செய்தார்கள். 'மனச்சோர்வு' என்ற பெயரைச் சொல்லிக்கொண்டு வீட்டுக்குள் போகவில்லை. குழந்தையின் ஆரோக்கியம் என்ற பொது நோக்கத்தை முன்வைத்து மாமியாரையும் கணவரையும் சேர்த்துக்கொண்டார்கள். படங்கள் காட்டி, "இப்படி நினைத்தால் என்ன ஆகும், வேறு மாதிரி நினைத்துப் பார்க்கலாமா" என்று போகிறது பாடம். சிபிடியை எடுத்து, தாளில் எழுதத் தெரியாதவர்களும் செய்யும்படி கரைத்திருக்கிறார்கள். 2015-இல் உலக சுகாதார நிறுவனமே இதைக் கையேடாக வெளியிட்டது.

குழந்தையின் பெயரைச் சொல்லி வாசலைத் திறந்தார்கள். ஏழு வருஷம் கழித்துக் கணக்குக் கேட்டபோதும் குழந்தையிடமே கேட்டார்கள். தாயைப் பற்றிய முடிவு வெளியே வந்தது அதற்குப் பிறகுதான். அது 2020-இல் பொருளாதார இதழ் ஒன்றில் வந்தது, மருத்துவ இதழில் இல்லை. பரானோவ், பலோத்ரா, பிரோலி, மசெல்கோ நாலு பேரும் எழுதியது. அதே பெண்கள், சிகிச்சை முடிந்து 7 வருஷம். மனச்சோர்வு விகிதம் ஒப்பீட்டுக் குழுவைவிட இன்னும் 17 சதவீதம் குறைவு. வீட்டுச் செலவில் அவர்களுக்கு அதிகப் பிடி. பிள்ளைக்காகச் செலவழிக்கும் நேரமும் பணமும் கூடியிருந்தன.

ஒரு வருஷத்துக்கும் கொஞ்சம் குறைவாக, படித்த ஊர்ப் பெண் ஒருத்தி வந்து பேசிப் போனதற்கு ஏழு வருஷம் கழித்து வீட்டுப் பணத்தில் ஒரு பெண்ணுக்குச் சொல் கூடியிருக்கிறது என்றால், நான் அதைச் சின்ன விஷயமாகப் பார்க்கமாட்டேன்.

---

கணக்குப்புலி எழுதியது:

நானும் பார்க்கமாட்டேன். ஆனால் முழுசாகச் சொல்லுங்கள். பெற்றோரின் நேரமும் பணமும் கூடியும் பிள்ளைகளிடம் அளக்கும்படி ஒன்றும் தெரியவில்லை. அதே ராவல்பிண்டியில் அடுத்த சோதனை நடந்தது. இந்தத் தடவை சுகாதாரப் பணியாளர்கூட இல்லை, ஊர்ப் பெண்களே. 570 தாய்மார், பிள்ளைக்கு மூன்று வயது ஆகும் வரை தொடர்ந்தார்கள். 2020 முடிவு: மூன்று வயதில் தாயின் மனச்சோர்விலும் வேறுபாடு இல்லை, பிள்ளையின் நடத்தையிலும் இல்லை. நீட்டிக் கொடுத்தால் நீடிக்கும் என்பதும் தானாக நடப்பதில்லை.

கோவாவில் 'சங்காத்' என்ற மனநல அமைப்போடு நடந்த சோதனை கொஞ்சம் தேவலை. 280 பெண்கள், ஆறு மாதத்தில் குணமானவர்கள் சிகிச்சைக் குழுவில் 73 சதவீதம், மறுபக்கம் 60. ஆறு மாதம்தான், கவனியுங்கள்.

---

ஆலமரம்55 எழுதியது:

எங்க ஆயா ஒன்பது பெத்தாங்க. வயக்காட்டுல வேலை பாத்துட்டே பெத்தாங்க. அப்ப எந்த சைக்காலஜியும் இல்ல. இப்ப பொண்ணுங்களுக்கு எல்லாமே நோயி.

---

வெள்ளைச்சீருடை எழுதியது:

உங்க ஆயா காலத்துல வீட்டுல எத்தனை பொம்பளைங்க இருந்தாங்கன்னு எண்ணிப் பாருங்க தம்பி. ஆறு மாசம் புள்ளையைத் தூக்க பத்துக் கை இருந்துச்சு. அப்படியும் பிரசவம் ஆன பொண்ணு கிணத்துல விழுந்த கதை இல்லாத ஊர் எது? "பேய் அடிச்சிருச்சு"ன்னு சொல்லி முடிச்சுடுவாங்க.

---

வடலி எழுதியது:

வணக்கம். யாழ்ப்பாணத்தில பிறந்து இப்ப ஸ்டொக்ஹோமில இருக்கிறன். இஞ்ச நடந்த ஒரு ஆய்வைப் பற்றி ஒருத்தரும் சொல்லேல்லை, அதால எழுதிறன்.

இஞ்ச பிள்ளை பிறந்தா குழந்தைநல நிலையத்துத் தாதி வீட்டுக்கு வந்து பார்ப்பா. ஆறு, எட்டுக் கிழமையில தாய்க்கு மனச்சோர்வு இருக்கோ எண்டு பாக்க எடின்பரோ கேள்வித்தாள் எண்டு பத்துக் கேள்வி தருவினம். என்னட்டையும் தந்தவை. பத்தாவது கேள்வி தன்னைத் தானே காயப்படுத்திற எண்ணம் வந்ததோ எண்டது. அதை வாசிச்சுப்போட்டு நான் பேசாமல் இருந்தன், தாதியும் பேசாமல் இருந்தா, பிறகு கதைச்சம். கேள்வி கேக்கிற வழக்கம் இருக்கிறதே பெரிய காரியம்.

ஆய்வுக்கு வாறன். பியோர்ன் சலோமொன்சன் எண்ட மனப்பகுப்பாய்வாளரின்ர ஆக்கள் 80 தாய்-சேய் சோடிகளை எடுத்தவை, எல்லாம் ஒண்டரை வயதுக்கு உட்பட்ட பிள்ளையள். பாதிப் பேருக்கு வழமையான தாதிக் கவனிப்பு மட்டும். மற்றப் பாதிக்கு அதோட தாயையும் பிள்ளையையும் ஒண்டா இருத்திக் குடுக்கிற பகுப்பாய்வு சிகிச்சை. இதில பிள்ளை சும்மா மடியில கிடக்கிற சாமான் இல்லை. சிகிச்சையாளர் கைக்குழந்தையோடயே நேர கதைப்பார், அழுகையை ஒரு பேச்சா எடுத்து.

ஆறு மாதத்தில தாய்மாரின்ர மனச்சோர்வில முன்னேற்றம் இருந்தது. நாலரை வயதில 66 குடும்பத்தைத் திரும்பப் பார்த்தவை. சிகிச்சை எடுத்த பிள்ளையளின்ர மொத்தச் செயற்பாடு மற்றவையை விட நல்லா இருந்தது, "பிரச்சினை இல்லாத பிள்ளை" எண்ட வகையில கனபேர் வந்தவை. ராவல்பிண்டிக்கு எதிர்ப்பக்கமாய் இருக்கு, இல்லையோ?

---

கணக்குப்புலி எழுதியது:

வடலி அக்கா, நல்ல உதாரணம். ஆனால் 66 குடும்பத்தை இரண்டாகப் பிரித்தால் பக்கத்துக்குச் சுமார் 33. பல அளவைகளில் பார்த்து இரண்டில் வித்தியாசம் வந்திருக்கிறது. பற்றுறவு (பிள்ளை தாயை நம்பி ஒட்டிக்கொள்ளும் பிணைப்பு) மாதிரி மற்ற அளவைகளில் வரவில்லை. சின்ன வலையில் மாட்டிய மீனை வைத்துக் கடலைச் சொல்ல முடியாது. லண்டனில் ஃபோனகி குழு 76 ஜோடிகளை வைத்துத் தாய்-சேய் உளசிகிச்சையைச் சோதித்தது, 2016 முடிவு. தாய்மாருக்கு நன்மை, குழந்தைகளின் வளர்ச்சியில் வேறுபாடு இல்லை.

---

தாழ்வாரம் எழுதியது:

எண்ணிக்கை சின்னதுதான், மறுக்கவில்லை. ஆனால் வடலி சொன்னதில் ஒரு நூல் இருக்கிறது, விட மனசில்லை.

தாயின் மனநிலையைச் சரிசெய்வதும், தாயும் குழந்தையும் ஒருவரை ஒருவர் பார்க்கும் விதத்தைச் சரிசெய்வதும் ஒன்றல்ல. சோர்வு இறங்கிய பிறகும் பழகிப்போன மௌனம் இருவருக்கும் நடுவில் அப்படியே இருக்கலாம். உளவியலாளர் எட்வர்ட் ட்ரோனிக் 1970களில் செய்த சோதனை நினைவிருக்கிறதா? அம்மா திடீரென்று முகத்தைக் கல்லாக வைத்துக்கொள்வார். குழந்தை முதலில் சிரிக்கும், கையை நீட்டும், சத்தம் போடும், கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ஓரிரு நிமிஷத்துக்குள் இத்தனையும் நடக்கும்.

இந்தப் பழக்கத்தையே நேராகத் தொட்ட வேலை தென்னாப்பிரிக்காவில் நடந்தது. கேப் டவுன் ஓரத்தில் கயலிட்ஷா, தகரக் கொட்டகைகள் நிறைந்த குடியிருப்பு. 449 கர்ப்பிணிகள். அந்த ஊர்ப் பெண்களையே பயிற்றுவித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். குழந்தைக்கு ஆறு மாதம் ஆகும் வரை. குழந்தை என்ன காட்டுகிறது, எப்போது திரும்புகிறது, எப்படிச் சமாதானம் ஆகிறது என்று தாயோடு உட்கார்ந்து கவனிப்பதுதான் வேலையின் மையம். 18 மாதத்தில் பாதுகாப்பான பற்றுறவு உள்ள பிள்ளைகள் 74 சதவீதம், ஒப்பீட்டில் 63. வருகைகள் நின்று ஒரு வருஷம் கழித்து எடுத்த அளவு இது. ராவல்பிண்டியில் தாயின் மனநிலை பெரிதாக மாறியது, பிள்ளை மாறவில்லை. கயலிட்ஷாவில் மாறியது உறவு. எதைத் தொடுகிறோமோ அதுதான் நகர்கிறது என்று நான் படிக்கிறேன். இது என் வாசிப்பு, கணக்குப்புலி ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை.

---

கணக்குப்புலி எழுதியது:

பாதி ஒத்துக்கொள்கிறேன். மீதிப் பாதிக்கு நர்ஸ் வீட்டு வருகைத் திட்டத்தைப் பாருங்கள். டேவிட் ஓல்ட்ஸ் 1977-இல் நியூயார்க் மாநிலம் எல்மிராவில் 400 பெண்களோடு தொடங்கியது. பிள்ளைகளுக்கு 15 வயது ஆனபோது கைதாவது குறைவு, குழந்தை வதைப் புகார் குறைவு என்று வந்து உலகம் முழுக்கப் பேசப்பட்டது. அதே திட்டத்தை இங்கிலாந்தில் 1,645 இளம் தாய்மாரிடம் சோதித்தார்கள். 2016-இல் முக்கிய அளவைகள் எதிலும் பலன் இல்லை. வழக்கமான அரசு மருத்துவச் சேவையே அங்கே நல்ல தரத்தில் இருந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம். ஒன்றுமே இல்லாத ஊரில் நர்ஸ் வருவதும், ஏற்கெனவே நர்ஸ் வரும் ஊரில் இன்னொரு நர்ஸ் வருவதும் ஒன்றா?

---

புதுஅப்பா எழுதியது:

நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். ஆராய்ச்சி எல்லாம் எனக்குப் புரியல. எங்களுக்குப் பொண்ணு பிறந்து ரெண்டு மாசம் ஆகப்போகுது. மனைவி தாய்வீட்டுல இருக்காங்க. போன்ல பேசினா "ம்"னு மட்டும் சொல்றாங்க. குழந்தையைப் பத்திக் கேட்டா "அம்மா பாத்துக்குறாங்க"ன்னு போனை வெச்சுடறாங்க. மாமியார் "எல்லாருக்கும் இப்படித்தான், சரியாயிடும்"னு சொல்றாங்க. காத்திருக்கலாமா?

---

வெள்ளைச்சீருடை எழுதியது:

தம்பி, முதல்ல லீவு போட்டுட்டு நேர்ல போங்க. போன்ல இது தெரியாது.

பிரசவம் ஆன முதல் ரெண்டு வாரம் அழுகை, எரிச்சல் நிறையப் பேருக்கு வரும், தானா போயிடும். ரெண்டு மாசம் ஆகியும் இப்படின்னா அது வேற, காத்திருக்காதீங்க. தூங்குறாங்களான்னு கேளுங்க. குழந்தை தூங்கும்போதும் தூக்கம் வரலைன்னா டாக்டர்கிட்ட அதை முதல்ல சொல்லணும். சாகலாம்னு தோணுதான்னு நேராவே கேளுங்க, கேட்டதால அந்த எண்ணம் புதுசா வந்துடாது. காதுல குரல் கேக்குது, குழந்தையை யாரோ மாத்திட்டாங்க, குழந்தைக்கு ஏதோ ஆகப்போகுதுன்னு சம்பந்தமில்லாம பேசினா அன்னைக்கே மருத்துவமனை, ராத்திரியா இருந்தாலும் சரி. தாயையும் பிள்ளையையும் தனியா விடக்கூடாது.

அப்படி இல்லைன்னா மாவட்ட மருத்துவமனை மனநலப் பிரிவு. போக முடியலைன்னா 14416, டெலி மானஸ்னு அரசோட மனநல உதவி எண், தமிழ்லயே பேசுவாங்க. அரசு சுகாதார உதவி எண் 104-லயும் கேக்கலாம்.

---

தாழ்வாரம் எழுதியது:

அம்மா சொன்னதோடு ஒன்று. மாத்திரை கொடுத்தால் தாய்ப்பாலை நிறுத்த வேண்டும் என்று வீட்டில் சொல்வார்கள். எல்லா மருந்துக்கும் அப்படி இல்லை. செர்ட்ரலின் போன்றவை பாலில் மிகக் குறைவாகவே போகும். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், தொடங்கவும் வேண்டாம், பால் கொடுப்பதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். நோய் கடுமையாக இருந்து சேர்க்க வேண்டி வந்தால் தாயையும் குழந்தையையும் பிரிக்காமல் சேர்த்துக்கொள்ளும் பிரிவு பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் 2009 முதல் இருக்கிறது.

---

மருதாணி எழுதியது:

புதுஅப்பா, போகும்போது "ஏன் இப்படி இருக்க"ன்னு கேக்காதீங்க. குழந்தையை வாங்கி வெச்சுக்கிட்டு "நீ போய்ப் படு"ன்னு சொல்லுங்க. பேச்செல்லாம் அப்புறம் வரும். பொண்ணு பிறந்ததைப் பத்தி யாராவது ஏதாவது சொன்னாங்களான்னு மெதுவா விசாரிங்க. வெள்ளைச்சீருடை அம்மா சொன்ன ஆய்வுல அது இருக்கே.

---

கணக்குப்புலி எழுதியது:

மருதாணிக்கு முதல் கேள்விக்கான பதில் பாக்கி இருக்கிறது. தாய் நன்றாக இருப்பதே பலன்தான், மனுஷன் என்ற முறையில் எனக்கு அதில் சந்தேகமே இல்லை. ஆனால் நிதித்துறைச் செயலாளர் மேஜைக்குக் கோப்பு போகும்போது "பெண்கள் ஒரு வருஷம் நிம்மதியாக இருந்தார்கள்" என்ற வரிக்குக் காசு வராது. "பிள்ளைகளின் கற்றல் திறன் கூடும்" என்றால் வரும். அந்த வரியை எழுதத்தான் எல்லாரும் ஏழு வயதுப் பிள்ளையை உட்கார வைத்துச் சோதிக்கிறார்கள்.

---

மருதாணி எழுதியது:

அப்ப அந்த வரியை எழுதாதீங்க. ஏழு வருஷம் கழிச்சு "பிள்ளைகிட்ட பலன் இல்ல"ன்னு முடிவு வந்ததும் அதே செயலாளர் திட்டத்தை மூடிடுவார். பொய்யான வாக்குறுதி குடுத்து வாங்கின காசு அப்படித்தான் போகும்.

---

வெள்ளைச்சீருடை எழுதியது:

ரெண்டு பேரும் சண்டை போட்டுக்கோங்க. கோப்பு எப்படி வேணா போகட்டும். ஒன்றரை மாசத் தடுப்பூசிக்கு எப்படியும் எல்லாத் தாயும் புதன்கிழமை துணை சுகாதார நிலையத்துக்கு வர்றாங்க. ஊசி போட்டு அரைமணி நேரம் உக்கார வைக்கிறோம். அந்த நேரத்துல அந்தப் பத்துக் கேள்வியைக் கேக்கலாம். கேட்டதுக்கு அப்புறம் அனுப்ப ஒரு இடமும், வீட்டுக்குப் போய்ப் பேசப் பயிற்சி எடுத்த ஒரு பொண்ணும் வேணும். அதுக்கு ஆள் போடாம கேள்வி மட்டும் கேக்கச் சொன்னா, எங்க பொண்ணுங்க நிரப்புற பதிவேட்டுல இன்னொரு பத்தி கூடும், அவ்வளவுதான்.

---

புதுஅப்பா எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. இன்னைக்கு ராத்திரி பஸ்ஸுக்கு டிக்கெட் போட்டுட்டேன். அங்கே மாவட்ட மருத்துவமனையில மனநலப் பிரிவு எந்த நாள் இருக்கும்னு யாருக்காவது தெரியுமா? இல்ல 104-லயே கேட்டுக்கலாமா?

---

வெள்ளைச்சீருடை எழுதியது:

104-ல கேளுங்க, சொல்வாங்க. காலைல சீக்கிரம் போங்க, ஓபி சீட்டுக்குக் கூட்டம் இருக்கும். தாய் சேய் அட்டையைக் கையோட எடுத்துட்டுப் போங்க, குழந்தையையும்.